இரட்டை விண்மீனும் என் பொய்யும்

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் ஒரு வாரம் சாலையை மறித்தார்கள். மூங்கில்துறைப்பட்டுச் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டவர் என் அப்பா தங்கதுரை. அந்த மரத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊரில், நான் மாட்டிக்கொண்டேன்.

என் ஆய்வு ஓர் இரட்டை விண்மீனைப் பற்றியது. இரண்டும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு சுற்றும். ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் குறையும். ஒரு சுற்றுக்கு இரண்டு கிரகணம். ஒன்றைப் போன மாதமே அளந்துவிட்டேன். மற்றது இன்று இரவு இரண்டு மணிக்கு. காவலூர் வானாய்வகத் தொலைநோக்கியில் எனக்கு ஒதுக்கிய கடைசி இரவும் இதுதான். விட்டால் அடுத்த வருடம். என் ஆய்வுக்காலமோ மார்ச்சோடு சரி. கல்வராயன் மலை வரை வானத்தில் பொட்டு மேகம் இல்லை. எரிச்சலாக வந்தது.

அப்பாவிடம் எல்லாம் சொல்லிக் கெஞ்சினேன்.

"என் பொண்ணுன்னு உன்ன மட்டும் வுட்டா நாலு பேரு இன்னா கேப்பாங்க? உன்ன மாதிரி புள்ளைங்க படிக்கத்தான் இம்மாம் கஷ்டம்" என்றார்.

படிக்கிறவளை மடக்கிவைத்துவிட்டுப் படிப்புக்குப் போராட்டம்.

சாவுக்கு மட்டும் வழி விட்டார்கள். அப்பா சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்து, மரத்தருகே நின்றவர்களிடம், காவலூருக்குப் பக்கத்திலிருக்கும் ஆலங்காயத்து அத்தை இறந்துவிட்டதாகச் சேதி வந்திருக்கிறது என்றேன். அப்பா மரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்த அக்கா. அரிவாளைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

மறியலில் நின்ற சுபாஷ் தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தான். ஆட்கள் வயல் வழியாகத் தள்ளிவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அப்பாவின் முதுகு குலுங்குவது தெரிந்தது. மூன்று மைல் தாங்கினேன்.

"வண்டிய நிறுத்துப்பா. அத்த நல்லாத்தான் இருக்குது. நான்தான் பொய் சொன்னேன்."

நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ரெண்டு மணிக்குத்தானே?" என்று மட்டும் கேட்டு வண்டியை உதைத்தார்.

தண்டராம்பட்டு அருகே அடுத்த மரம். அங்கே நின்ற காசிநாதன் போராட்டக் கூட்டங்களில் அப்பாவின் பக்கத்திலேயே உட்காருபவர்.

"இன்னா தங்கதுரை, நீயே வண்டில போய்க்கினு இருக்கிற?"

அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கக்கா செத்துட்டா" என்றார்.

காசிநாதன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா அந்தப் பிடிக்குள் விறைத்துப்போய் நின்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பிவிடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாலை மணி நான்கு ஆகியிருந்தது, காவலூர் இன்னும் வெகுதூரம். நான் சொல்லவில்லை.