இருபதுக்குப் பன்னிரண்டு

"இருபதுக்குப் பன்னெண்டு! கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சேனேடி உன்னை..."

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"பி செக்‌ஷன்ல ஒண்ணு விடாம இருபது. தூங்கி வழியற ஜெயந்துக்கும் இருபது. என் பொண்ணுக்கு மட்டும் தராசைத் தூக்கிட்டு வந்துட்டியாக்கும்!"

மராட்டிய தேசத்து நிக்டியில் மல்லிகாவுக்கும் ஸ்ரீரஞ்சனிக்கும் எதிரெதிர் வீடு. மல்லிகாவின் மகள் கீர்த்திக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சரும் ஸ்ரீரஞ்சனிதான். நூறில் போர்டு பரீட்சைக்கு எண்பது போக மிச்ச இருபதைப் பள்ளியே போட்டு அனுப்பும். கல்யாண வீட்டுச் சந்தனம் மாதிரி அது, வந்தவர்களுக்கெல்லாம் உண்டு. ஸ்ரீரஞ்சனி ஒருத்திதான் அளந்து பார்த்துப் பூசினாள். இப்போது ரிசல்ட் வந்து, பதினொன்றாம் வகுப்புக்குக் கீர்த்தி ஆசைப்பட்ட ஜூனியர் காலேஜ் மயிரிழையில் கைநழுவிவிட்டது.

"எவ்வளவு தெரியுமோ அவ்வளவு போட்டேன். தெரியாததுக்கும் போட்டா, அப்புறம் மார்க்குன்னு ஒண்ணு எதுக்குக்கா?"

"எதுக்கா? சீட்டுக்குடி! வேறெதுக்கு?"

"நானும் சும்மா இல்லைக்கா. காலையில மார்க்கை மாத்தச் சொல்லி பிரின்சிபால் காலில் விழாத குறை. 'லாக் ஹோ கயா, மேடம்', இனிமே திருத்த முடியாதுன்னு கையை விரிச்சுட்டார்."

மல்லிகா சட்டென்று சோபாவில் உட்கார்ந்தாள். குரலில் இருந்த காரமெல்லாம் வடிந்துவிட்டது.

"சரி, போர்டுக்குச் சொன்னே. அவளுக்குக் கணக்கு வரலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? அவகிட்டயாவது? தெனம் மூஞ்சில முழிக்கிறோமே, ரஞ்சனி."

ஸ்ரீரஞ்சனி யாரிடமும் சொல்லவில்லைதான். அந்த மார்க்கே சொல்லிவிடும் என்று இருந்துவிட்டாள். அது போர்டுக்குப் போய், ஊரெல்லாம் சுற்றி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றான பிறகுதான் பிள்ளையின் கைக்கு வந்திருக்கிறது.

வாசற்படியில் நின்றிருந்த கீர்த்தி உள்ளே வந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"அம்மா, போதும். ஆண்ட்டி, பன்னெண்டு டீக் ஹை, இருக்கட்டும். எனக்கு என்ன வரலை? அது மட்டும் சொல்லுங்கோ, நான் படிச்சுக்கறேன்."

ஸ்ரீரஞ்சனி மனசைத் துழாவினாள். அத்தனை பிள்ளைகள், அத்தனை விடைத்தாள்கள். எல்லாம் எப்போதோ பழைய பேப்பர்காரனிடம் போயாயிற்று. கீர்த்தியின் தாளில் எந்த இடத்தில் சிவப்பு மையால் சுழித்தோம் என்று யோசிக்க யோசிக்க, பன்னிரண்டு என்ற எண் மட்டுமே கண்முன் வந்து நின்றது.

கீர்த்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜியோமெட்ரியா, ஆண்ட்டி? இல்லை, அல்ஜீப்ராவா?"