பெகி விழுந்த இடம்

முள்கிளையைக் கையில் எடுத்துவிட்டால் வேலாபி யாரோடும் பேசக் கூடாது. செத்துப்போன தம்பியோடு மட்டும் பேசலாம். பெகி விழுந்த இடத்தில் கிளையை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் ஆவி அதில் ஏறிக்கொள்ளும். பிறகு எல்லையில் ஓடும் லிம்போபோ ஆற்றைத் தாண்டி, ஜிம்பாப்வேயில் குவாண்டா ஊரில் அம்மாவின் வீட்டு வாசல் போய்ச் சேரும்வரை வேறு யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது.

உடம்பு போய்ச் சேர்ந்து மூன்று வாரமாகிறது. பிழைக்க வந்த ஜிம்பாப்வேகாரர்கள் இங்கே சேர்ந்து நடத்தும் ஈமச் சங்கம் பெட்டியில் வைத்து அனுப்பி வைத்தது. அடக்கமும் முடிந்தது. ஆனால் அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெட்டி வந்துச்சு. என் புள்ள எங்கடா? கனவுல வந்து, 'அம்மா, இங்க ஒரே கூட்டமா இருக்கு, வழி தெரியல'ங்கறான். போயி கூட்டிட்டு வாடா."

"வரேம்மா."

வேறு என்ன சொல்வது? வேலாபிக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. விரட்டப்பட்டவர்களுக்குப் போட்ட முகாம் கூடாரத்தில் ரொட்டி கொடுத்தால் தின்றான், வரிசையில் நில் என்றால் நின்றான். பல் பிடுங்க ஊசி போட்ட வாய்போல மனசு மரத்துக் கிடந்தது.

அண்ணனும் தம்பியும் குடியிருந்த ஏழாம் செக்ஷனுக்குள் கால் வைக்க முடியாமல்தான் இத்தனை நாள் போயிற்று. "ஜிம்பாப்வேகாரன் எவனாவது திரும்பி வந்தா, வந்த மாதிரி போகமாட்டான்" என்று அந்தப் பகுதிக்காரர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். இன்றைக்கு அங்கே அமைச்சர் வருகிறார். சமாதானக் கூட்டமாம். எங்கு பார்த்தாலும் போலீஸ். முகாமிலிருந்து எல்லைக்குப் போகும் பஸ் பிற்பகல் இரண்டு மணிக்கு. இதை விட்டால் வேறு நாள் கிடையாது.

ஒரே ஒரு சிக்கல். பெகி விழுந்த இடம் இன்னதென்று வேலாபிக்குத் தெரியாது. கும்பல் தம்பியை அடித்துக் கொன்ற அன்றைக்கு அவன் நகரத்தில் வேலையில் இருந்தான். போலீஸ் காகிதத்தில் 'ஏழாம் செக்ஷன், கால்பந்து மைதானம். சாட்சி எவருமில்லை' என்று எழுதியிருந்தது.

"இரத்தம் விழுந்த மண்ணுலதான் வைக்கணும். ஒரு முழம் தள்ளி வெச்சாலும் வரமாட்டான்" என்று அம்மா உறுதியாகச் சொல்லியிருந்தாள்.

துணைக்கு வந்தது மாங்குபே அக்கா. ஈமச் சங்கத்தின் செயலாளர். இருபது வருஷமாக இந்த ஊரில் பிணம் அனுப்பி அனுப்பி நாக்கு கத்தியாகிவிட்ட மனுஷி.

"மைதானம்னா எவ்ளோ பெருசு! இருபத்திரண்டு பேர் ஓடற இடம்" என்றாள். "நடுவுல வெச்சுக் கூப்பிடு. பெகி இளவட்டம், ஓடி வந்து ஏறிக்குவான்."

"விளையாடாதக்கா."

"சரி, கிளையை எடு. இனி நீ ஊமை. போலீஸ், பஸ்காரன், எல்லையில முத்திரை குத்தறவன், எல்லார்கிட்டயும் நான் வாய் குடுத்துக்கறேன்."

காட்டிலந்தைக் கிளை அது. ஒரு முள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அடுத்தது பின்னால் வளைந்து இழுக்கும். வேலாபி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தான். முள் சட்டையைத் தாண்டிக் குத்தியதை அவன் கவனிக்கவில்லை.

மைதானம் முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேடை ஒரு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில். 'நாம் அனைவரும் ஆப்பிரிக்கர்' என்று அச்சடித்த பனியன்களை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள், கூட்டம் அதற்காகவே வந்திருந்தது. கவுன்சிலர் மாசெகோவும் அதே பனியனில் இருந்தார். போன மாதம் இதே மைதானத்தில், "நம்ம புள்ளைங்க வேலையில்லாம நிக்குது, வந்தவன் கடை போட்டுத் தின்னு கொழுக்கறான்" என்று முழங்கியவர் அவர்தான். பனியன் தொப்பையில் இறுக்கமாக இருந்தது, மனுஷனுக்கு அதில் ஒன்றும் சங்கடமில்லை.

அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார்.

"இதை அந்நிய வெறுப்புன்னு சொல்றாங்க. நான் மறுக்கறேன். இது வெறும் குற்றச்செயல். செஞ்சது வெளியூர் ரவுடிங்க. இந்தப் பகுதி மக்கள் பொன்னான மக்கள்!"

கைதட்டல்.

"இங்க ஒரு இளைஞர் இறந்தார். வருந்தறோம். யாராவது ஏதாவது பார்த்திருந்தா, இப்பவே, இங்கயே சொல்லலாம். பயம் வேண்டாம்."

மைதானம் அமைதியாக இருந்தது. ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கிற்று.

"பாருங்க!" என்றார் அமைச்சர் நிம்மதியாக. "பார்த்தவங்க யாருமில்ல."

அப்போதுதான் வேலாபி கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றான். ஒரு போலீஸ்காரன் கையை நீட்டி மறித்தான்.

"எங்க போற? கையில என்ன?"

"கண்ணு தெரியுதுல்ல?" என்றாள் மாங்குபே அக்கா. "உங்க அப்பன் ரோட்டுல செத்தா நீ என்னத்தக் கொண்டு போவ?"

போலீஸ்காரன் கிளையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு விலகினான். இந்த ஊர்க்காரர்களுக்கும் ஜிம்பாப்வேகாரர்களுக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்று, சாவுச் சடங்கும் ஒன்றே. இங்கே சுரங்கத்தில் செத்தவனையும் இந்தக் கிளையால்தான் அழைத்துப் போவார்கள். அடித்து விரட்டும்போது மட்டும்தான் அந்நியன்.

வேலாபி நடுவில் போய் நின்றான். எந்தப் பக்கம் திரும்புவது? யாரையும் கேட்கவும் முடியாது. கிளையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

முதலில் தலைகள் திரும்பின. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு கிழவர் எழுந்து தொப்பியை எடுத்தார். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தன் நாற்காலியை இழுத்து ஒதுக்கினாள். பனியன் போட்ட நாலைந்து வாலிபர்கள் தங்கள் காலடியைக் குனிந்து பார்த்துவிட்டு, சூடு பட்டவர்கள்போலப் பின்வாங்கினார்கள். ஆவியை அழைக்கும்போது அது கிடக்கிற மண்ணை மிதிக்கக் கூடாது, மிதித்தால் வீட்டுக்கு ஆகாது. சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. இடது கோல் கம்பத்திலிருந்து பத்தடி தள்ளி, ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு மண் காலியாயிற்று. சுற்றிலும் முந்நூறு பேர் நின்றார்கள், ஒரு செருப்பு நுனிகூட அதில் படவில்லை.

மேடையில் அமைச்சர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். கவுன்சிலர் மாசெகோ தன் பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

வேலாபி அந்த மண்ணில் முட்டி போட்டான். கிளையை வைத்தான். நெஞ்சுக்குள் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தான், ஒன்றும் வரவில்லை. வாய்தான் பேசிற்று.

"பெகி. நான்தான், உன் அண்ணன். எழுந்திருடா, அம்மா காத்திருக்கா. பஸ் ரெண்டு மணிக்கு. உனக்கும் ஒரு சீட்டு வாங்கியிருக்கேன், ஜன்னலோரம்."

கிளையை மெல்ல எடுத்தான். எழுந்து சுற்றிலும் பார்த்தான். ஒருத்தரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. அவர்களிடம் அவன் பேசக் கூடாது. கிளையிடம் பேசலாம். எல்லாருக்கும் புரிகிற பேச்சில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தம்பியிடம் சொன்னான்:

"நீ எங்க விழுந்தேன்னு இவங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்குடா, பெகி. வா, போலாம்."

மாங்குபே அக்கா முன்னால் நடந்தாள். கூட்டம் வழி விட்டது.