ஆறு மணி ஷிஃப்டின் பச்சை விளக்கு

1

ஒப்புக்கொள்கிறேன். வீட்டுப் படங்களையும் பத்திரங்களையும் சேமித்து வைக்க எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். 'இரண்டு டிஸ்க் உள்ளதாக வாங்குங்கள், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்' என்று எழுதிய கையோடு, சாம்பியன் ரீப்ஸ் கோவிந்தன் கட்டுரைக்குள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். போகச் சொன்னால் கேட்கிற ஆளா அவர்!

2

(பூமிக்கடியில் இருட்டு, அந்த இருட்டில்... வேண்டாம். அவர் வேலை மேலேதான்.)

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஆட்களைச் சுமக்கும் கேஜை, அதாவது இரும்புக் கூண்டை, ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டியவர். உட்கார்ந்த இடத்திலிருந்து கேஜ் தெரியாது, மணிதான் கணக்கு. மூன்று முறை அடித்தால் ஆள் ஏறியாயிற்று என்று அர்த்தம்.

மகள் இந்து கனடா போகுமுன் அப்படியொரு டிஸ்க் பெட்டியை அவர் வீட்டு அலமாரி மேல் வைத்தாள். அவள் போனில் எடுக்கும் படங்கள் இதில் வந்து சேரும். பாஸ்வேர்ட் அவளிடம். தினமும் காலை ஆறு மணிக்குப் படம் வந்து பச்சை விளக்கு துடிக்கும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்பார்.

அங்கே போய் அப்பாவிடம் சொல்லாமல் அனில் என்பவனைக் கட்டிக்கொண்டாள். "இனிமே எனக்கு போன் பண்ணாத" என்றார். அவள் பண்ணவில்லை. இரண்டு வருஷம். விளக்கு மட்டும் ஒருநாள் தவறவில்லை. மெஷின் தன்பாட்டுக்குச் செய்கிறது, அவளுக்கு ஞாபகம்கூட இருக்காது என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் ஆறு மணிக்குக் காபியோடு அதன் முன்னால் உட்காராமல் இருக்க முடியவில்லை. அவள் குரலுக்கு அப்படி ஏங்கினார்.

3

போன செவ்வாய்க்கிழமை விளக்கு ஆரஞ்சாகி நின்றுவிட்டது. ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருக்கும் மனோகர் வந்து பார்த்தான். பெட்டி நிரம்பிவிட்டது, பெரிய டிஸ்க் போடலாம், ஆனால் பாஸ்வேர்ட் வேண்டும், மகளைக் கேளுங்கள் என்றான்.

கேட்டால், இன்னுமா வந்துகொண்டிருக்கிறது என்று நிறுத்திவிட்டால்? கேட்காவிட்டாலும் நின்றது நின்றதுதான்.

"அது தானா வர்றதுதானேப்பா" என்றார்.

"இன்னா சார், தானா வர்ற வசதியை கம்பெனிக்காரன் எடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. தினம் அவங்க திறந்து, கையால அமுக்கினாத்தான் வரும்."

கோவிந்தன் (தேம்பினார் என்று எழுதி அடித்துவிட்டேன்) விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போனது.

4

முடிவு ஒன்று: அவர் போன் பண்ண, இந்து அழுதுகொண்டே பேசுகிறாள். எனக்கே நம்பிக்கையில்லை. முடிவு இரண்டு: போனை அனில் எடுக்கிறான். அவனுக்கு என்ன பேச்சு எழுதுவது? மூன்றாவது முடிவில் கோவிந்தன் மெதுவாக...

என்னைக் கேட்கவேயில்லை மனுஷன். பாஸ்வேர்டுக்காகத்தான் என்று மனோகரிடம் சொல்லிக்கொண்டே இந்துவை அழைத்துவிட்டார். மணி ஒருமுறை அடித்தது. ஒன்று போனால் இன்னொன்று என்று சொல்ல அவருக்கு வேறு மகள் கிடையாது. இரண்டாம் முறை அடித்தது.

மூன்றாவது அடித்துக்கொண்டிருக்கிறது. இந்துவின் போன் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.