மருமக்கள் புலம்பல்

“மருமக்கள் புலம்பல் வேண்டாம் அண்ணை,” என்றாள் மிதுனா. “தம்பியின்ர மனிசி எட்டு வருசமா அம்மாவோட கதைக்கேல்லை. அவ அழுறமாதிரிப் பாட்டுப் போட்டா சனம் சிரிக்கும்.”

தாயின் நினைவுமலருக்காகக் கிருலப்பனையிலிருந்து வந்திருந்தாள். இறந்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற புத்தகம் அது. வெள்ளவத்தையில் இருபத்தாறு வருடமாக அதைத்தான் அச்சடிக்கிறேன். முன்னுக்குத் தேவாரம், நடுவில் வாழ்க்கை வரலாறு, பிறகு கணவர் புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். எல்லாம் கணினியில் தயாராக இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும். ஒருமுறை அதையும் மாற்ற மறந்து, ஒரு வீட்டு மருமக்கள் வேறு யாருடையவோ மாமிக்காக அழுதார்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. வாசித்தால்தானே! சாப்பிட்டு எழும்பும்போது பாதிப் பேர் புத்தகத்தை இருந்த கதிரையிலேயே விட்டுப் போவார்கள். நான் ஒரு பையில் பொறுக்கிக்கொண்டு வருவேன்.

இப்போது புத்தகம் அடிப்பதே குறைந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு படத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது. மார்கழியோடு கடையைப் பூட்டுவதென்று நானும் மனைவியும் பேசி முடித்திருந்தோம்.

“அப்ப என்னத்தைப் போடுறது?”

“அம்மான்ர சமையல். அவ சொல்லச் சொல்ல ஃபோன்ல பிடிச்சு வச்சிருக்கிறன். ஒடியல் கூழ், நண்டுக் கறி, எல்லாம்.”

மரக்கறிச் சாப்பாட்டு நாளில் நண்டுக் கறியா? “சரிவராது தங்கச்சி,” என்றேன். என் வாயில் முதலில் வருவது எப்போதும் அதுதான். நிறப் படம் கேட்டவர்களுக்கும் சொன்னேன், சின்னப் புத்தகம் கேட்டவர்களுக்கும் சொன்னேன். அவர்களெல்லாம் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

மிதுனா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து எனக்குப் பக்கம் அமைத்துத் தருகிற ஷெரோமி கணினியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:

“அங்கிள், பூட்டப் போற கடைதானே. இன்னும் என்னத்துக்குப் பயம்?”

கோபம் வந்தது. மிதுனாவை இருக்கச் சொன்னேன்.

ஃபோனில் மிதுனாவின் தாய் இரத்தினம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதினோம். பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற அந்தக் கூழுக்குப் பழப்புளி எவ்வளவு என்பதை மட்டும் மனிசி சொல்லவேயில்லை. “கண்ணளவு” என்றுவிட்டுச் சிரிக்கிறார். அந்தப் பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் மிஞ்சியது. வெறும் இடம் கண்டால் குத்துவிளக்குப் படம் போட்டு நிரப்புவது என் வழக்கம்.

“விடுங்க அங்கிள்,” என்றாள் ஷெரோமி. “புளி தெரிஞ்ச ஆக்கள் எழுதிக்கொள்ளட்டும்.”

அரைமனதோடு விட்டேன்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தின் கடைசி வரிசையில் பையோடு போய் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் தேவாரத்தைத் தேடித் தேடிப் பக்கங்களைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது. அவர் மனைவியின் பக்கம் திரும்பி, “இஞ்சை பாரும், கூழுக்குப் புளி எவ்வளவெண்டு போடேல்லை!” என்று சத்தமாகச் சொன்னார்.

அவ்வளவுதான். பாக்களவு என்றாள் ஒருத்தி, ஒரு கைபிடி என்றாள் இன்னொருத்தி. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“தேசிக்காயளவு.”

கதவோரம் தனியாக இருந்த பெண், எலுமிச்சம்பழ அளவைக் கையால் காட்டிக்கொண்டு எழும்பி நின்றாள். மிதுனாவின் தம்பி மனைவி சாமினி.

“ஒடியல் மாவைப் புளியோட கரைச்சுக் கடைசியாத்தான் விடவேணும். கலியாணம் முடிச்ச புதுசில மாமி எனக்குக் காட்டித் தந்தவ.”

என் சட்டைப் பையிலிருந்த பேனையைக் கேட்டு வாங்கி, தன் புத்தகத்தில் அந்த நாலு விரல் இடத்தில் எழுதினாள். பெரியவர் தன்னுடையதையும் நீட்டினார். பிறகு அவர் மனைவி, பிறகு வேறு யாரோ. கதிரைகளில் ஒரு புத்தகமும் கிடக்கவில்லை. நான் கொண்டுபோன பை மடித்தபடியே மடியில் இருந்தது.

கடைசியாக மிதுனா வந்தாள். பக்கத்தைத் திறந்து சாமினியின் முன்னால் பிடித்தாள். பேனையில் மை முடிந்துகொண்டு வந்தது. சாமினி அதை உள்ளங்கையில் ஒருமுறை கிறுக்கிப் பார்த்துவிட்டு, எழுதத் தொடங்கினாள்.