எட்டு மணிச் சாக்கடை

எட்டு மணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும்போதே தார்ஜோ தெருவில் இறங்கிவிட்டான். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் முந்தின நாள் வாங்கிய மண்வெட்டி. வீடு வீடாகச் சுற்றி வரும் அறிவிப்புப் பலகை தன் வீட்டுக்கு வந்தபோதே எழுத்துக் கூட்டிப் படித்து வைத்திருந்தான். ஞாயிறு காலை எட்டு மணி, தெருச் சாக்கடை சுத்தம், வீட்டுக்கு ஒருவர் வரவும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

ஆனால் தெருவில் வேலை முடிந்திருந்தது. சாக்கடையின் சிமெண்ட் மூடிகள் எல்லாம் திரும்பத் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருந்தன. அள்ளிய சேறு மூட்டைகளாகக் கட்டி ஓரத்தில் கிடந்தது. ஜனங்கள் கழுத்துத் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. பரவாயில்லை, இப்போதுதான் முடிந்தது என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். எதிர்வீட்டு ஹமாகுச்சி, தெருவுக்குத் தலைவர், ஒரு டீ பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தார். செய்யாத வேலைக்கு டீ! தொண்டையில் எப்படி இறங்கும்? அந்த மண்வெட்டி வேறு, மண் படாமல் பளபளவென்று மின்னி அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

போகட்டும், ஒரு சாக்கடைதானே என்று விட்டுவிட முடியாது. அது வீட்டு விஷயம். தார்ஜோ ஜாவாவில் தெகால் பக்கத்து ஆள். ஜப்பானின் தெற்குக் கோடியில், இந்தக் கடலோர ஊரில், சூரை மீனைப் புகைபோட்டு மாசியாக்கும் பட்டறையில் வேலை. பட்டறை விடுதியில் குடும்பத்தைக் கூட்டிவர இடமில்லை. வீடு தேடிப் போனால், வெளிநாட்டான் என்றதும் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஓட்சுபோ அம்மாள், பூட்டிக் கிடந்த தன் பழைய வீட்டை ஒரு வருஷம் பார்க்கலாம் என்று கொடுத்தார். தெருவிலிருந்து புகார் வராவிட்டால் தொடர்ந்து இருக்கலாம், மனைவி மகளையும் வரவழைத்துக்கொள்ளலாம். புகார் வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஊரில் மனைவி வர்சிதி பெட்டியைக் கட்டாத குறைதான். மகளோ அப்பாவைப் போனிலேயே பார்த்துப் பார்த்து, யார் கையில் போன் இருந்தாலும் அதைப் பார்த்து அப்பா என்றாள்.

மறுநாள் பட்டறையில் ரோவெனாவிடம் கேட்டான். அவள் பிலிப்பைன்ஸ்காரி, இந்த ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டு இங்கேயே இரண்டு பிள்ளை பெற்றவள். மீன் செதுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எட்டு மணின்னா எட்டு மணிக்கா போவாங்க? நல்ல ஆள்ப்பா நீ. அது வேலை முடியிற நேரம்."

"அப்ப எத்தனை மணிக்குத்தான் போறது?"

"மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி."

"அவங்க எப்ப வருவாங்க?"

"அவங்களும் அதேதான். மத்தவங்களுக்கு முன்னாடி."

தார்ஜோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஊரில் எட்டு மணி என்றால் எட்டு மணிக்குத்தான் குளிக்கவே கிளம்புவார்கள். அந்தப் பழக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மணி அடித்தால் நிற்கிற மனுஷனாகத் தன்னை மாற்றிக்கொள்ள அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். இப்போது அதுவும் போதாதாம்.

மழைக்கு முன்னால் ஒரு தடவை, புயல் காலம் முடிந்து ஒரு தடவை என்று வருஷத்தில் இரண்டு சுத்தம். அடுத்த தடவை விடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தான். அந்த ஞாயிறு, கிழக்கு வெளுக்கும்போதே பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். தெருவில் ஈ காக்காய் இல்லை. அப்பாடா என்று இருந்தது. தன் வீட்டு வாசலில் மூடிகளைத் தூக்கிச் சேற்றை அள்ளினான். இன்னும் யாரும் வரவில்லை. சும்மா நிற்பானேன் என்று அடுத்த வீட்டு வாசலுக்குப் போனான். பிறகு எதிர்வீடு. பிறகு அதற்கடுத்தது. கை சூடு பிடித்துவிட்டது. பட்டறையில் மீன் கூடை தூக்குகிற உடம்புக்கு இதெல்லாம் எம்மாத்திரம். ஒவ்வொரு மூடியையும் அவன் திரும்பப் போடும்போது தெருவே அதிர்ந்தது. அது அவனுக்கு உறைக்கவில்லை.

ஹமாகுச்சிதான் முதலில் ஓடிவந்தார். மேலே தூங்கும்போது போடுகிற சட்டை, கீழே பூட்ஸ். பின்னாலேயே ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒரு பெண்மணி தலையைக் கூட வாரவில்லை. கோடி வீட்டு மீன்பிடிக்காரர் இடதுகால் பூட்ஸை வலதுகாலில் மாட்டிக்கொண்டு நொண்டியபடி வந்தார். எல்லாரும் தாமதமாகிவிட்டது, மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று அவனிடம் குனிந்தார்கள். அதற்குள் சாக்கடை கடல்வரை சுத்தமாகிவிட்டிருந்தது. அள்ளுவதற்கு ஒரு கை மண் இல்லை. அவரவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

என்ன செய்வதென்று தெரியாமல் ஹமாகுச்சி டீ பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். யாரும் மூடியைத் திருகவில்லை.

தார்ஜோ அவர்கள் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் முகம் அதுதான். ஒரு தெருவுக்கே அதை மாட்டிவிட்டுத் தான் மட்டும் வேலை செய்தவனாக நின்றுகொண்டிருக்கிறான். அடப் பாவி, நன்றாகக் கெடுத்தாயே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலத்திலிருந்து வாசலுக்கு முள்ளங்கி வந்தது. மறுநாள் ஆரஞ்சு, அதற்கு மறுநாள் காய்ந்த மீன், பூசணி. அவர் கொடுத்துவிட்டார் என்று இவர், இவர் கொடுத்துவிட்டார் என்று அவர். கொண்டுவந்த யாரும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ரோவெனா தன் பங்குக்குக் கொளுத்திப் போட்டாள்.

"உன்கிட்டப் பட்ட கடனைக் கழிக்கிறாங்கப்பா. கழிச்சு முடிச்சதும் வீட்டுக்கார அம்மாகிட்டப் போவாங்க பாரு."

அவன் முள்ளங்கியை வேகவைத்துத் தின்றான். ருசிக்கவில்லை. போனில் வர்சிதி குளிருக்கு என்ன துணி எடுக்கட்டும் என்று கேட்டபோது, பொறு, சொல்கிறேன் என்று பேச்சை மாற்றினான்.

குளிர் விட்டதும் ஒரு நாள் ஹமாகுச்சியும் ஓட்சுபோ அம்மாளும் சேர்ந்தே வந்தார்கள். அவன் அவர்களை உட்காரவைத்து, தட்டில் தேங்காய் பிஸ்கட் வைத்து, டீக்குத் தண்ணீர் போட்டான். டீ கொதிக்கும்வரை கூடப் பொறுக்க முடியாமல், தரையில் நெற்றிபடக் குனிந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். ஓட்சுபோ அம்மாள் கையமர்த்தினார்.

"தெருவுல விசாரிச்சேன். புகார் இருக்குன்னுதான் சொன்னாங்க."

தார்ஜோ தலையைத் தூக்கவில்லை.

"நீங்க தனியா வேலை செய்யிறீங்கன்னு புகார்" என்றார் ஹமாகுச்சி. "இனிமே அது முடியாது. வர்ற வருஷம் தெருப் பொறுப்பு இந்த வீட்டோட முறை. நீங்கதான் எடுத்துக்கணும்."

அவனுக்கு விளங்கவில்லை. தெருப் பொறுப்பு என்பது பலகை எழுதிச் சுற்றுக்கு விடுவதும் குடியிருப்போர் சங்கத்துக்கு அலைவதும். எல்லாரும் முகம் சுளித்துக்கொண்டு எடுத்துக்கொள்கிற தொல்லை. அப்படியானால் வீடு என்று இழுத்தான்.

"போகப் போற ஆளுக்கு யாராவது முறை வைப்பாங்களா?" என்றார் ஓட்சுபோ அம்மாள். "சம்சாரத்தை வரச் சொல்லுங்க."

தார்ஜோ அழுதுவிட்டான். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. ஹமாகுச்சி தேங்காய் பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். கிளம்பும்போது, பூட்ஸை மாட்டிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

"சுத்தத்துக்கு நேரம் போடுறதும் நீங்கதான். வருஷா வருஷம் நேரம் முன்னாடி போய்க்கிட்டே இருக்கு. எங்களுக்கும் தூக்கம் வருது. நாங்க யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. நீங்க எழுதினா வெளியூர்க்காரர்னு விட்டுடுவாங்க."

மழைக்கு முன்னால் தார்ஜோ பலகை எழுதினான். ரோவெனாவிடம் காட்டித் திருத்தி எழுதினான். ஞாயிறு காலை எட்டு மணி. அதற்கு முன்னால் யாரும் வர வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஞாயிறு விடிந்தும் விடியாமலும் அவன் விழித்துக்கொண்டான். ஏழு மணிக்கெல்லாம் பூட்ஸோடு வாசற்கதவுக்கு உள்ளே நின்றான், கழுத்தில் துண்டு, கையில் மண்வெட்டி. வர்சிதி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். அவள் வந்து சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"ஏங்க, எட்டு மணின்னு எழுதிட்டு இப்பவே ஏன் நிக்கிறீங்க?"

"சும்மாத்தான்."

"எதிர்வீட்டுக்காரரும் நிக்கிறாரு. கதவுக் கண்ணாடியில நிழல் தெரியுது. அடுத்த வீட்டிலயும் திரை ஆடுது."

அவனும் வந்து எட்டிப் பார்த்தான். தெருவில் ஒரு பூனை மட்டும் நடந்து போயிற்று. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு ஆள், பூட்ஸ் போட்டபடி, மூச்சுக் காட்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் பாட்டு ஒலித்தது. தெருவின் எல்லாக் கதவுகளும் சர்ரென்று ஒரே சமயத்தில் நகர்ந்தன. தார்ஜோவின் கதவும் அவற்றோடேதான் நகர்ந்தது, முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. அட, அதற்குள் எட்டாகிவிட்டதா என்று ஹமாகுச்சி ஆச்சரியப்பட்டுக்கொண்டே மண்வெட்டியோடு வந்தார்.

பின்னாலேயே வாசலுக்கு வந்த வர்சிதி, தெரு முழுவதையும் ஒருதரம் பார்த்துவிட்டு, தங்கள் பாஷையில் அவனிடம் மெல்லக் கேட்டாள்.

"இவங்கல்லாம் எப்ப எந்திரிச்சாங்க?"

"இப்பத்தான்" என்றான் தார்ஜோ.