இக்கரையிலிருந்து மட்டும்

முதலில் முட்டிக்கு மேலே ஒரு வீக்கம். கொட்டைப்பாக்கு அளவு. வலது கால்.

"தறி முட்டிடா," என்றார் அப்பா குழந்தைவேல். "இந்தத் தெருவுல எவனுக்கு இல்ல? எடது காலுக்கு மாத்தி மிதி. தானா எறங்கிரும்."

குமாரபாளையத்தில் அந்தத் தெரு முழுக்கக் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு நாளெல்லாம் மிதிப்பவர்களுக்கு முட்டி வீங்கும், வடியும். அதற்காக யாரும் மருத்துவரிடம் போனதில்லை. கந்தவேல் இடது காலுக்கு மாறினான். அம்மா பூவாத்தாள் ஆமணக்கு இலையை வதக்கிக் கட்டினாள். மணலை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். இப்படி நான்கு மாதம் போயிற்று.

அவனுக்குப் பதினெட்டு வயது. ஆடிப் பதினெட்டன்று காவிரியை நீந்திக் கடக்கும் போட்டியில் இரண்டு வருடம் தொடர்ந்து முதலில் வந்தவன். இக்கரையில் குமாரபாளையம், மேற்கே அக்கரையில் பவானி. பவானிப் படித்துறையில் ஏறினால்தான் சேர்த்தி. ஆறு தெற்கே இழுக்கும். படித்துறையைத் தவறவிட்டவன் வேறெங்கு கரையேறினாலும் தோற்றவன்தான்.

1960ஆம் வருட ஆடியில் அவன் வீக்கத்தோடு இறங்கினான். பாதி ஆற்றில் கால் நின்றுபோனது. பரிசல்காரர் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஈரோட்டில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அதைப் பார்த்த மருத்துவர் சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சென்னையில் எலும்பில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்று.

மருத்துவர் நடுவயதுப் பெண். அப்பாவையும் மகனையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"தொடையோட எடுக்கணும். எடுத்தாலும் பத்துப் பேர்ல ரெண்டு பேர்தான் தப்பிக்கறாங்க. எடுக்கலைன்னா ஒருத்தரும் இல்ல."



"எத்தனை நாளா வீக்கம்?"

"நாலு மாசமுங்க," என்றார் குழந்தைவேல். "தறி முட்டின்னு நெனச்சுப்போட்டனுங்க."

மருத்துவருக்குத் தறி முட்டி என்றால் என்னவென்று தெரியவில்லை. கேட்டார். குழந்தைவேல் விளக்கினார். குழி, மிதி, எந்தக் கால் எப்போது இறங்கும், எல்லாம் சொன்னார். மருத்துவர் எழுதிக்கொண்டார்.

"எடுத்தா நீந்தலாமுங்களா?" என்றான் கந்தவேல்.

"முதல்ல உயிரோட இரு."

ஆறு வாரம் முட்டியில் கதிர்வீச்சு வைத்தார்கள். தோல் கருத்தது. தீபாவளிக்கு மறுவாரம் காலை எடுத்தார்கள்.

இல்லாத பாதத்தில் அரிப்பு எடுத்தது. சொறியக் கையை நீட்டிப் போர்வையைத் தொட்டு நிறுத்தினான். பக்கத்துக் கட்டிலில் எருமப்பட்டியிலிருந்து வந்த அம்மாசி. அதே நோய், அதே கால். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு சோடி செருப்பு போதும்னு நெனச்சேன்," என்றான் அம்மாசி. "பாத்தா ரெண்டு பேருக்கும் எடது காலுதான் மிச்சம்." இருவரும் தையல் வலிக்கச் சிரித்தார்கள்.

இனி நோய் வந்தால் நெஞ்சில்தான் வரும் என்றார் மருத்துவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும். மூன்றாவது முறை கந்தவேல் போனபோது அம்மாசி வரவில்லை. கேட்டான். மருத்துவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

வீட்டில் தறியின் இரண்டு மிதிகளும் நெருக்கிக் கட்டப்பட்டிருந்தன. ஒரே கால் இரண்டையும் மாறி மாறி மிதிக்கலாம். அப்பாதான் கட்டியிருந்தார். அக்குளில் இரண்டு கட்டைகளை ஊன்றி நடந்தான். உட்கார்ந்து நெய்தான்.

1962 கோடையில் நாச்சிமுத்துவின் தோட்டத்துக்குப் போனான். நாச்சிமுத்து அவனோடு போட்டியில் நீந்தியவன். இரண்டு வருடமும் இரண்டாவதாக வந்தவன். தோட்டத்தில் ஒரு பெரிய கிணறு. கந்தவேல் படிகளில் உட்கார்ந்தபடியே இறங்கித் தண்ணீரில் விழுந்தான்.

மிதந்தான். இடது காலை உதைத்தான். உடம்பு வலப்பக்கம் திரும்பியது. மறுபடி உதைத்தான். மறுபடி வலப்பக்கம். ஒரு வட்டம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தான்.

"என்றா, செக்கு மாடா நீயி?" நாச்சிமுத்து மேலே நின்று சிரித்தான். "ஒரு மூட்டை எள்ளு கொண்டாரட்டுமா?"

"கொண்டா. உன்னையும் சேத்து ஆட்டறேன்."

கோடை முழுக்கச் சுற்றினான். கை வீச்சை மாற்றினான். தலையை மாற்றினான். வட்டம் பெரிதானது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் ஆற்றில் இறங்கிப் பார்த்தான். நாச்சிமுத்து இடுப்பளவுத் தண்ணீரில் காவல் நின்றான். எதிர்க்கரையில் ஒரு வேப்பமரம். அதைப் பார்த்து நீந்தினான். ஆறு இடப்பக்கம் தள்ளியது. கால் வலப்பக்கம் திருப்பியது. பத்து வீச்சு போட்டுத் தலையைத் தூக்கினான். மரம் எதிரே இருந்தது. முப்பது வீச்சு. மரம் எதிரேயே இருந்தது.

கரைக்கு வந்தபின் நாச்சிமுத்து வெகுநேரம் ஆற்றைப் பார்த்தான். "மொளக்குச்சி அடிச்சு நூல் புடிச்ச மாதிரி போறேடா," என்றான். இந்த முறை சிரிக்கவில்லை.

ஆனியில் சென்னை போனான். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"சுத்தமா இருக்கு."

"ஆத்துல எறங்கலாமுங்களா?"

"ரெண்டரை வருஷமா உன் நெஞ்சைத்தான் பாத்துட்டிருக்கேன். இந்த ஆஸ்பத்திரியில இவ்வளவு நல்ல நெஞ்சு யாருக்கும் இல்ல. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்." படத்தை உறையில் போட்டார். "போ."

ஆடிப் பதினெட்டு. ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. போட்டியை நடத்தும் சண்முகவேல் பெயர் எழுத மறுத்தார்.

"ஆத்தோட போயிட்டா ஆரு பதில் சொல்றது? குழந்தைவேலு, நீங்களாச்சும் சொல்லுங்க."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். கந்தவேலும் பார்த்தான். அவர் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது.

"அவன் காலைப் பத்தி நான் ஒருக்கா சொன்னனுங்க," என்றார் குழந்தைவேல். "அது தப்பாப் போச்சு. இனி அவன் சொல்றதுதான். எழுதிக்குங்க."

மகனின் கட்டைகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பவானிக்குப் போகும் பாலத்தை நோக்கி நடந்தார்.

ஒன்பது பேர் குதித்தார்கள். நடு ஆற்றில் இழுப்பு கடுமையாக இருந்தது. முன்னால் போனவர்கள் இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கினார்கள். எதிர்த்து ஏறப் பார்த்தார்கள். கை சோர்ந்தது. கந்தவேல் எதிர்க்கவில்லை. உதைத்தான். கால் திருப்பியது, ஆறு நேராக்கியது. மூச்சு இழுத்தான். நெஞ்சு நிறைந்தது. அந்தச் சத்தம் அவன் காதுக்கே கேட்டது. தலையைத் தூக்கினான். படித்துறை எதிரே இருந்தது.

கை கல்லில் பட்டது.

அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். வேட்டி நனைந்திருந்தது. தோளில் கட்டைகள்.

"மூணாவது," என்றார். குனிந்து மகனின் தலையில் வழிந்த தண்ணீரைத் துண்டால் துடைத்தார்.

படித்துறையில் ஏறியவர்கள் ஐந்து பேர்தான். நாச்சிமுத்து வெகுதூரம் கீழே கரையேறி, கரையோரமாகவே சொட்டச் சொட்ட நடந்து வந்தான்.

"ரெண்டு காலு இருந்து என்ன பிரயோசனம்?" என்றான். பிறகு யோசித்தான். "இருடா. திரும்பி எப்படி நீந்துவே? இங்கிருந்து போறப்ப ஆறும் காலும் சேந்து ஒரே பக்கந்தான இழுக்கும்?"

"ஆமா. நேரா திருச்சிதான்."

"அப்பறம்?"

"பாலத்தை எதுக்குக் கட்டி வெச்சிருக்கறாங்க?"

அப்பா கட்டைகளை நீட்டினார். மூவரும் பாலத்தில் ஏறினார்கள். கட்டைச் சத்தம் முன்னால் போயிற்று.

"மெதுவாப் போடா," என்றான் நாச்சிமுத்து, பின்னாலிருந்து.