காக்களூரில் டப்பாக்கள் திறந்த விதம்

1971 ஐப்பசியிலிருந்து காக்களூர் பம்பு பட்டறையில், செய்த தப்பைச் சொல்லாதவனின் சாப்பாட்டு டப்பா திறப்பதில்லை. அந்த மாதம் பருப்பு விலையும் ஏறியிருந்தது. முதலில் மாட்டியவன் துளை போடும் தாவீது. டப்பாவை உளியால் அடித்தார்கள், உளி மழுங்கியது. பசி தாங்காமல் சொன்னான்.

"பம்போட ரெண்டு பாதிலயும் ஓட்டை நேரா வரல. நான்தாம்பா அரத்தால ராவிப் பெருசாக்கினு கீறேன்."

டப்பா திறந்தது. கருவாட்டுக் குழம்பு. பம்புகள் ஏன் ஒழுகுகின்றன என்பதில் பாதி அன்று தெரிந்தது. மறுநாள் லேத் ஆசீர்வாதம், வாஷருக்குப் பதில் சைக்கிள் டியூப் வெட்டிப் போடுவதைச் சொல்லிச் சாப்பிட்டார். பிறகு மதியச் சங்கு ஊதியதும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, தப்பைச் சொல்லிவிட்டு டப்பாவைத் திறப்பது வழக்கமாயிற்று. சொன்னதை மாலைக்குள் சரிசெய்தார்கள். பழைய தப்பையே மறுபடி சொன்னவனுக்குத் திறக்கவில்லை.

சூப்பர்வைசர் ராமானுஜம் தன்னிடம் தப்பில்லை என்றார். ஆசாரம் பார்த்து வெளியே எங்கும் கை நனைக்காதவர். தயிர்சாதம் தினமும் அப்படியே திருவள்ளூருக்குத் திரும்பியது. வீட்டில் அவர் மனைவி கோமளவல்லி ஒரு விரலால் திறந்தாள்.

"இதா திறக்கலை? எந்த ஓட்டல்னு மட்டும் சொல்லுங்கோ."

அவர் இளைத்தார். பெல்ட்டில் புதுத் துளை தேவைப்பட்டது. தாவீது நேராகப் போட்டுக் கொடுத்தான். கோமளவல்லி பேச்சை நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் அவர் வட்டத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லிட்டு துன்னு சார். பாக்க எங்களுக்கே பேஜாரா கீது" என்றார் ஆசீர்வாதம்.

"பம்போட வரைபடத்துல ஓட்டையத் தள்ளிப் போட்டது நான்தான். ரெண்டு வருஷமா தெரியும்."

டப்பா திறந்தது. தயிர் புளித்திருந்தது. வழித்துச் சாப்பிட்டார். படம் திருத்தப்பட்டது, பம்புகள் ஒழுகுவது நின்றது, கோமளவல்லி பேசினாள். 1974-இல் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு பம்புக் கம்பெனியின் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, இவர்கள் டப்பா வாங்கிய கடையிலேயே அதே மாதிரி டப்பாக்களை வாங்கிப் போனார்கள். அங்கே அவை சுலபமாகத் திறந்தன. பம்புகள் ஒழுகின.

திருப்பாச்சூரில் மனைவியின் அக்கா வீட்டு விசேஷங்களில் தன்னை ஏன் பந்தியின் கடைசியில் உட்கார வைக்கிறார்கள் என்பது மட்டும் ராமானுஜத்துக்குப் புரியவில்லை. 1976-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சாதப் பானை திறக்கவில்லை. கோமளவல்லி இழுத்துப் பார்த்தாள். அவர் இலை முன் காத்திருந்தார்.

"நீங்க ஓட்டல்ல சாப்பிடறேள்னு அப்போ அக்காகிட்ட சொன்னேன். இல்லைன்னு இன்னும் சொல்லலை."

மூடி வந்தது. அவள் நெய் ஊற்றினாள்.